நட்டைத் தாண்டி இரண்டு மரை

எங்கள் லாரி பட்டறையின் ஸ்டோரில் இருப்பவளை எல்லோரும் மில்லி அக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் சாமானைக் கையை விட்டுத் தரமாட்டாள் என்பதால் வந்த பெயர். புதிதாக வரும் டிரைவர்கள் அதுதான் சொந்தப் பெயர் என்று நினைத்துக்கொண்டு "மில்லி மேடம்" என்று மரியாதையாக அழைப்பார்கள். ஊரில் உள்ள இரும்பையெல்லாம் திருத்துகிறவள், அதை மட்டும் திருத்தமாட்டாள்.

நான் அங்கே பிரேக் மெக்கானிக். பதினான்கு வருஷமாக எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கம்பி வலையும் அதில் ஒரு சின்ன ஜன்னலும்தான். பாதி நாள் அந்த ஜன்னலில் நின்று சண்டை போடுவதே என் பிழைப்பு. ஒரு லாரிக்கு முன்சக்கரத்து ஹப்பும் ரோட்டரும் மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹப் என்பது சக்கரம் உட்காரும் குடம். ரோட்டர் அதன் முதுகில் இருக்கும் பிரேக் தட்டு. இரண்டையும் கோத்துக்கொண்டு வெளியே நீட்டி நிற்கும் பத்து தடித்த போல்ட்டுகளுக்குத்தான் ஸ்டட் என்று பெயர். அதன் மேல் ரிம்மை மாட்டி, நட்டைப் போட்டு இறுக்குகிறோம். மற்ற பட்டறைகளில் வண்டியின் மாடலைச் சொன்னால் பத்து ஸ்டட்டை எண்ணிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவளிடம் அந்தப் பாச்சா பலிக்காது.

"ஹப்ப கொண்டா" என்பாள். கொண்டுபோய் வைத்தால் வெர்னியர் அளவுகோலை எடுத்து ஓட்டையின் விட்டத்தை அளப்பாள். ஸ்டட்டின் கழுத்தில் பல் பல்லாக வெட்டியிருக்கும். அது ஓட்டையைக் கடித்துப் பிடிக்க வேண்டும். ஓட்டை கொஞ்சம் பெரிதானால் நட்டோடு சேர்ந்து ஸ்டட்டும் சுற்றும். சின்னதானால் அழுத்தும்போது ஹப் விரிசல் விடும். அதற்குப் பிறகு ஹப்பின் கனம், ரோட்டரின் கனம். கடைசியாகக் கம்பிக் கதவைத் திறந்துகொண்டு வெர்னியரோடு வெளியே வந்து, "எந்த ரிம் போகப்போகுது?" என்று கேட்பாள். இரும்பு ரிம் மெல்லியது, அலுமினிய ரிம் அதைப்போல இரண்டு மடங்கு தடிமன். எல்லாவற்றையும் கூட்டி, நட்டின் உயரத்தையும் சேர்த்து, நட்டைத் தாண்டி ஸ்டட் இரண்டு மரையாவது, அதாவது திருகின் இரண்டு சுற்றாவது, எட்டிப் பார்க்கும்படி நீளம் பார்த்துக் கொடுப்பாள். அந்த இரண்டு மரை தெரியாமல் எந்த வண்டியும் எங்கள் கேட்டைத் தாண்டியதில்லை.

அவளிடம் ஒரு நீள நோட்டு உண்டு. வண்டி எண், ஹப், ரோட்டர், ரிம், ஸ்டட் நீளம், அளந்தவர், மறு இறுக்கம் என்று கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருப்பாள். அளந்தவர் என்ற கட்டத்தில் வருஷக்கணக்காக அவளுடைய கையெழுத்து மட்டும்தான். மறு இறுக்கம் என்ற கட்டம் மேலிருந்து கீழ்வரை காலி. புது ஸ்டட் போட்ட வண்டி நூறு கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி, எல்லா நட்டையும் இன்னொரு தடவை இறுக்க வேண்டும் என்பது எங்கள் தொழில் விதி. ஒவ்வொரு டிரைவரிடமும் சொல்வாள். "இறுக்கிட்டு ஒரு போன் பண்ணுங்க" என்றும் சொல்வாள். எவனும் பண்ணமாட்டான். வண்டி கேட்டைத் தாண்டினால் பட்டறையை எவன் நினைக்கிறான்?

"எதுக்குக்கா அந்தக் கட்டத்த இழுத்து இழுத்துப் போடுற? பேனா மைதான் வீண்" என்று ஒரு நாள் கேட்டேன்.

"யாராவது பண்ணா எழுத எடம் வேணும்ல பிரேக்கு" என்றாள்.

என்னை பிரேக்கு என்றுதான் கூப்பிடுவாள். வெல்டிங் செய்பவர் வெல்டிங்கு, பெயிண்ட் அடிப்பவர் பெயிண்டு. நான் அவளைவிட எட்டு வயது இளையவன். டீக்கடையில் முன்பின் தெரியாதவர்கள்கூட என்னைத் தம்பி என்கிறார்கள். இவள் வாயிலிருந்து அந்தச் சொல் ஒரு நாளும் வந்ததில்லை. எனக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. காரணம் தெரிகிறவரைக்கும்.

காரணம் தெரிந்தது அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது. இரண்டு நாள் ஸ்டோர் திறக்கவில்லை. மூன்றாம் நாள் நான் போய்க் கதவைத் தட்டினேன். ஒரு டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு தட்டு. எனக்கு உட்கார நாற்காலியைக் கொடுத்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்துகொண்டாள். கீழே டயரை அடிக்கிற சத்தம் தரை வழியாகக் காலுக்கு வந்தது. அந்தச் சத்தத்துக்காகவே அந்த அறையைப் பிடித்தேன் என்றாள். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு விட்டால் அவளுக்குத் தூக்கம் வராதாம். வீட்டில் நான்கு பேர் போடுகிற சத்தத்துக்கு எரிந்து விழுகிறவன் நான்.

அலமாரியில் ஒரு எவர்சில்வர் டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. தண்ணீர் எடுக்கப் போய் அதைத் தொட்டேன். உள்ளே ஆணியால் கீறிய ஒரு கோடு. "அது வேணாம், வேற எடு" என்றாள். பிறகு, காய்ச்சல் கண்ணோடு, கேட்காமலே சொன்னாள்.

அப்பா சீக்கிரம் போய்விட்டார். தம்பியை ஆளாக்கியது இவள்தான். அவன் லாரி டிரைவர் ஆனான். கடைசியில் அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. ஒரு நாளைக்கு அறுநூறு மில்லி தண்ணீர், அதற்கு மேல் ஒரு சொட்டு கூடாது என்று டாக்டர் சொன்னார். இவள் அந்த டம்ளரில் கோடு கீறி, நாளுக்கு ஆறு தடவை கோடுவரை ஊற்றிக் கொடுத்தாள். அம்மா நாக்கை நீட்டி நீட்டிக் கேட்டாள். தம்பி லாரியை விட்டுவிட்டு வந்து, "ஒரு வாய் குடுக்கா, பாக்க முடியல" என்று அழுதான். இவள் கோட்டைத் தாண்டவில்லை. நான்காம் நாள் அம்மா போய்விட்டாள். உறவுக்காரர்கள் கூடி நிற்கும்போது, "சாகுற வாய்க்குத் தண்ணிய அளந்து ஊத்துனவ இவ. இவ மனுஷியே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனவன்தான். பதினைந்து வருஷம். பேச்சில்லை, போன் இல்லை.

"அவன் சொன்னதும் தப்பில்ல பிரேக்கு. நான் செஞ்சதும் தப்பில்ல. அதான் கஷ்டம்" என்றாள்.

வேறு டம்ளரில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். எனக்குப் பிரேக்கைப் பற்றிக் கேட்டால் பதில் தெரியும்.

அது நடந்து ஒரு வருஷம் இருக்கும். ஒரு நாள் மத்தியானம் முன்சக்கரத்து பேரிங் எரிந்த லாரி ஒன்றைக் கட்டி இழுத்து வந்து எங்கள் யார்டில் விட்டார்கள். இரண்டு பக்கமும் ஹப், ரோட்டர் மாற்ற வேண்டும். வண்டியின் டிரைவர் ஸ்டோர் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, யார்டின் அந்தக் கோடியில் நின்றிருந்தான். நான் ஹப்பைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். அக்கா என் தோளுக்கு மேலே வெளியே பார்த்தாள். பார்த்தவள் இரண்டடி பின்னால் போனாள்.

ஓட்டையை அளந்தாள். மரையைப் பார்த்தாள். பிறகு எழுந்து வெளியே வருவாள் என்று நான் வழியை விட்டு நின்றேன். வரவில்லை.

"நீளம் பழசுல இருக்கிறதே போடு. மாடல் அதேதான்" என்றாள்.

"ரிம் பாக்கலையாக்கா? இன்னைக்கு மழைதான் கொட்டப்போகுது" என்றேன்.

இருபது ஸ்டட்டை என் கையில் திணித்துவிட்டு ஜன்னலைச் சாத்தினாள். அப்பாடா, இன்றைக்குச் சண்டை மிச்சம் என்று நானும் சந்தோஷமாகத் திரும்பினேன். முட்டாள்.

ஸ்டட்டை அழுத்தி, ஹப்பை ஏற்றி முடித்தபோது அந்த டிரைவர் லாரியின் பின்னாலிருந்து இரண்டு புது அலுமினிய ரிம்மை உருட்டிக்கொண்டு வந்தான். "ஓனர் குடுத்துவிட்டாரு, சக்கரம் கழட்டுறப்ப இதையே மாட்டிடச் சொல்லி. பளபளன்னு இல்ல?" என்றான். மாட்டினேன். நட்டைப் போட்டு இறுக்கினேன். இறுகியது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஸ்டட் வெளியே எட்டிப் பார்க்கவில்லை. நட்டுக்குள் பாதியிலேயே நின்றுவிட்டது. ஒரு நிமிஷம் யோசித்தேன். ஆனால் மில்லி அக்கா கொடுத்த சாமான் ஆயிற்றே. பதினான்கு வருஷம் ஒருத்தி அளந்து அளந்து கொடுத்ததில், அளப்பது என் வேலையே இல்லை என்று எனக்கு ஆகிவிட்டிருந்தது. அவன் வேறு அவசரப்படுத்தினான். நான் ஒவ்வொரு நட்டாக இறுக்க இறுக்க, மேலே பளபளப்பான மூடியைப் போட்டு அழுத்திக்கொண்டே வந்தான். நட்டெல்லாம் மறைந்துவிட்டது. என் தப்பை நான் மூடி மறைக்கவில்லை, அவன்தான் மூடினான் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். தப்பு என்னவோ என்னுடையது.

மறுநாள் காலையில் நான் போகும்போது சுவரோரம் அக்கா நின்றிருந்தாள். கழற்றிப் போட்ட இரண்டு இரும்பு ரிம்கள் அங்கே சாய்ந்திருந்தன. கையில் வெர்னியர்.

"இது நேத்து வந்த வண்டியோடதா?"

"ஆமாக்கா."

"இது இங்க இருந்தா, அதுல என்ன போச்சு?"

"அலுமினியம். புதுசு" என்றேன்.

அவள் அந்த ரிம்மின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "பதினோரு மில்லி குறையும். அவன் என் தம்பி" என்றாள்.

வேலைச் சீட்டில் நம்பர் இருந்தது. நான்தான் அடித்தேன், ஸ்பீக்கரில் போட்டு. நான்காவது தடவை மணி அடித்ததும் எடுத்தான். பின்னால் எஞ்சின் சத்தம்.

"அண்ணே, பட்டறையில இருந்து பேசுறேன். வண்டிய உடனே ஓரங்கட்டுங்க. முன்சக்கரத்து ஸ்டட் நீளம் பத்தாது."

"நேத்து நீங்கதான போட்டீங்க?"

"நான்தான். தப்பு நடந்துபோச்சு."

"வண்டி நல்லாத்தான் போகுது. இன்னும் அரை மணி நேரத்துல மலை ஏறணும். சாயங்காலத்துக்குள்ள லோடு எறக்கணும். திரும்பி வர்றப்ப பாத்துக்கலாம், வைங்க."

"விளையாட்டு இல்லண்ணே, அளவு தப்பு!"

அவன் சிரித்தான். சந்தோஷச் சிரிப்பு இல்லை. "அளவு தப்பா? உங்க ஸ்டோர்ல உக்காந்திருக்கிறது யாருன்னு எனக்குத் தெரியும். அவ அளந்தா தப்பாது. யாரு செத்தாலும் தப்பாது. சும்மா பயமுறுத்தாதீங்க."

நான் அக்காவைப் பார்த்தேன். பதினாறு வருஷத்துக்குப் பிறகு அவள் காதில் விழுகிற தம்பியின் குரல். அவளைப் பற்றி அவனிடம் மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை அது. வெறுப்போடு சேர்த்துத்தான் வைத்திருந்தான், ஆனாலும் வைத்திருந்தான். அதை அவளே உடைத்தால்தான் அவன் வண்டியை நிறுத்துவான். அவளுக்கு அது புரிந்தது முகத்திலேயே தெரிந்தது. போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நான் அளக்கலடா" என்றாள்.

எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது.

"நீ யார்டுல நின்னுட்டு இருந்த. கையில வெர்னியர வச்சுக்கிட்டு உன் முன்னாடி வர முடியல என்னால. ரிம்ம பாக்காமலே குடுத்துட்டேன். நிறுத்துடா. மலை ஏறாத."

"நீ அளக்கலையா?" என்று கேட்டான். கோபமாகக் கேட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நம்ப முடியாதவன் மாதிரிக் கேட்டான்.

பிறகு இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடித்தது. எஞ்சின் நின்றது. எந்த இடம் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

பட்டறை வேனில், ஸ்டட்டை அழுத்துகிற கை பிரஸ்ஸை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். இரண்டு மணி நேர ஓட்டம். இருபது நீள ஸ்டட்டையும் ஒரு துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வழியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"மெலிஞ்சிருக்கானா?"

"நான் முதுகத்தான்கா அதிகம் பாத்தேன்" என்றேன். இதைவிட நல்ல பதில் எனக்கு வாய்த்திருக்கக்கூடாதா?

மலை அடிவாரத்தில், ஒரு எடைமேடைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தான். இறங்கியதும் மூடிகளைப் பிடுங்கினேன். வலது பக்கம் மூன்று நட்டு விரலால் சுற்றினாலே சுற்றியது. கழற்றிக் காட்டினேன். ஸ்டட்டின் நுனியில் மரை நசுங்கி, சீவிய இரும்பு கையோடு உதிர்ந்தது. அவன் மலைப் பாதையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். அவ்வளவு நேரம் முறைத்துக்கொண்டிருந்த முகம் வெளுத்துவிட்டது.

அக்கா வேனைச் சுற்றி வந்தாள். அவனிடமிருந்து மூன்றடி தள்ளிக் குனிந்து, அலுமினிய ரிம்மின் கனத்தை அளந்தாள். எண்ணைச் சொன்னாள். பழைய ஸ்டட்டையெல்லாம் நான் தட்டி எடுத்து முடித்ததும், புதியதை நீட்டினாள். நான் வாங்குவதற்கு முன்னால் அவன் குறுக்கே கையை நீட்டினான்.

"அந்த வெர்னியரக் குடு."

கொடுத்தாள். இருபதையும் ஒவ்வொன்றாக எடுத்து அளக்க ஆரம்பித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்னண்ணே இது, ஒரு தடவ ஆனைக்கும் அடி சறுக்கும். அதுக்காக இப்படியா?" என்று கத்தினேன்.

"அளக்கட்டும் விடு" என்றாள் அக்கா. "யாராவது அளக்கணும்ல."

அவனுக்கு வெர்னியர் பார்க்கத் தெரியவில்லை. கண்ணுக்குப் பக்கத்தில் வைத்தான், தள்ளி வைத்தான். "இந்தக் கோடா?" என்று என்னைக் கேட்டான். நான் வீம்புக்கு வாயைத் திறக்கவில்லை.

"மேல இருக்கிற கோட்டோட கீழ எந்தச் சின்னக் கோடு நேரா நிக்குதோ, அது" என்றாள் அக்கா, தரையைப் பார்த்துக்கொண்டு. அவன் அப்படியே பார்த்தான். இருபதையும் அளந்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. எல்லாம் ஒரே அளவு.

வெயில் ஏறிவிட்டது. அவனுக்கு வேர்த்து ஊற்றியது. அக்காவின் கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. அவள் நீட்டவில்லை. எப்படி நீட்டுவாள்? நான்தான் அவள் கையிலிருந்து பிடுங்கி அவனிடம் கொடுத்தேன். மூச்சுவிடாமல் பாதியைக் குடித்தான். மீதியை என்னிடம் திருப்பிக் கொடுத்தான், அவளிடம் இல்லை.

இறுக்கி முடித்தபோது ஒவ்வொரு நட்டைத் தாண்டியும் இரண்டு மரை எட்டிப் பார்த்தது. அவன் இருபதையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டு போனான். மூடிகளைத் திரும்பப் போடவில்லை. ஏறி உட்கார்ந்தான்.

"நூறு கிலோமீட்டர் ஓடினதும் நிறுத்தி மறுபடியும் இறுக்கணும்" என்று அக்கா கீழே நின்று சொன்னாள். "இறுக்கிட்டு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"தெரியும்" என்றான். போய்விட்டான்.

சாயங்காலம் அக்கா ஸ்டோரைப் பூட்டிக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது.

"நூறு ஆச்சு. நாலு நட்டு இன்னும் லேசா இறுக்கம் வாங்குச்சு. இறுக்கிட்டேன். சொல்லிடுங்க." வைத்துவிட்டான்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். பூட்டிய பூட்டைத் திறந்தாள். நோட்டை எடுத்தாள். பேனாவைத் திறந்துவிட்டு எழுதாமல் நின்றாள்.

"யாருகிட்ட சொல்லச் சொன்னான்?"

"சொல்லிடுங்கன்னான்கா."

"அக்காகிட்ட சொல்லிடுங்கன்னு சொன்னானா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் என் தலையிலிருந்து கிரீடமா விழுந்திருக்கும்? டிரைவரிடமும் ஓனரிடமும் நாளைக்கு நாற்பது பொய் சொல்கிற வாய் இது. ஒரே ஒரு சொல். ஆனால் எந்த ஜன்னலில் நின்று பதினான்கு வருஷம் ஒரு மில்லி கூடக் குறையாமல் வாங்கினேனோ, அதே ஜன்னலில் நின்று அவளுக்கு அளவைக் கூட்டிச் சொல்ல எனக்கு வரவில்லை.

"இல்லக்கா. சொல்லிடுங்கன்னு மட்டும்தான்."

"சரி" என்றாள். என் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு எழுதினாள். ரொம்ப நேரம் எழுதினாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு போனேன்.

மறுநாள் ஒரு பேரிங் வாங்க ஜன்னலுக்குப் போனேன். அவள் உள்ளே பெட்டிகளுக்கு நடுவில் இருந்தாள். நோட்டு விரித்தபடி கிடந்தது. முந்தின நாள் வண்டியின் வரியில் ஹப், ரோட்டர், ரிம் எல்லாம் அவள் கையெழுத்தில் ஒழுங்காக இருந்தது. மறு இறுக்கம் என்ற கட்டத்தில், அந்தப் பக்கத்திலேயே முதல் முறையாக, நூறு கி.மீ. என்று எழுதியிருந்தாள். அளந்தவர் என்ற கட்டத்தில் அவளுடைய கையெழுத்து இல்லை. தம்பி என்று எழுதியிருந்தது.

"என்ன வேணும் பிரேக்கு?" என்று கேட்டுக்கொண்டே அவள் வந்தாள்.

"பேரிங்" என்றேன்.

"பழசக் கொண்டா, அளக்கணும்" என்றாள்.